ஒன்பதாம் நாள் பிரித்த முட்டுகள்

மாவட்டச் சிறை
30 ஜூலை 1999

தம்பி உபேந்தருக்கு,

அண்ணன் கிஷ்டய்யா எழுதுவது. தபாலில் போட்டால் ஜெயிலர் படித்துவிட்டுத்தான் அனுப்புவாராம். அதனால் என்னைப் பார்க்க வந்த ஸ்வரூபாவிடம் கொடுத்தனுப்புகிறேன். சித்தப்பாவிடம் நேரில் கொடு என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். நீ வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடாதே. போன தடவை அவள் வந்தபோது உள்ளே உன் குரல் கேட்டதாம்.

என்னைப் பிடித்துக்கொண்டு வந்து இன்றைக்குப் பதினெட்டு நாள். ஸ்லாப் விழுந்தது திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. நம்ம கூட்டத்து நரசிம்லுவைப் பிணமாக வெளியே எடுக்கும்போது மூன்று மணி. நாலு மணிக்குப் போலீஸ் வந்து, "யாருடா இங்க மேஸ்திரி?" என்றார்கள். நான்தான் என்றேன். நீ பத்தடி தள்ளி ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தாய். என்னைப் பார்த்தாய். அப்புறம் கையில் இருந்த வரைபடத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாய். விழுந்த கட்டிடத்துக்கு வரைபடத்தில் என்னடா பார்க்க இருக்கிறது?

கம்பெனி போலீசுக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தை வக்கீல் எனக்குப் படித்துக் காட்டினார். 'மேஸ்திரி கிஷ்டய்யா யாருடைய அனுமதியும் இல்லாமல் தன்னிச்சையாக முட்டுகளைப் பிரித்தார்' என்று இருக்கிறது. முப்பது வருஷமாக சென்ட்ரிங் வேலை பார்க்கிறவன் தன்னிச்சையாக முட்டுப் பிரிப்பானா? பெரிய பீமுக்கு அடியில் மூன்று வாரம் முட்டு நிற்கணும் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்குக் காலையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன்.

"கிஷ்டய்யா, கீழ் ஹால்ல இருக்கிற முட்டு எல்லாத்தையும் பிரிச்சு மேல ஏத்து" என்றாய்.

"கான்கிரீட் போட்டு ஒம்பது நாள்தான் ஆச்சு சார். ரொம்ப நீளமான பீம் சார்" என்றேன்.

"வாடகை முட்டு லாரி வரல. புதன்கிழமை ஆஷாடம் பொறக்குது. அதுக்குள்ள மேல் தளத்துக்குத் தேங்காய் உடைக்கலைன்னா ஓனர் ஒரு மாசம் உடைக்க விடமாட்டார். நான் சொல்றேன்ல, பிரி."

நம்ம பக்கத்து மேஸ்திரிகள் வழக்கம் உனக்கே தெரியும். கெடுவுக்கு முன்னால் முட்டுப் பிரிக்கச் சொன்னால், எந்த இன்ஜினியராக இருந்தாலும் ஒரு சீட்டு வாங்குவோம். சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தாலும் போதும். தேதி, கையெழுத்து, அவ்வளவுதான். பம்பாய்க்காரனிடம் வாங்கியிருக்கிறேன், வெள்ளைக்காரன் ஒருத்தனிடமும் வாங்கியிருக்கிறேன். முப்பது வருஷத்தில் சீட்டு வாங்காமல் பிரித்தது உன்னிடம்தான். கூடப் பிறந்தவனிடம் எப்படிடா கையெழுத்துக் கேட்பது? வாய் வரவில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ. நான்தான் பிரிக்கச் சொன்னேன் என்று ஒரு வரி எழுதிக் கொடு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கிஷ்டய்யா


ஹைதராபாத்
19 ஆகஸ்ட் 1999

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைப் பத்து தடவைக்கு மேல் படித்துவிட்டேன். பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. ஸ்வரூபா அன்றைக்கு வந்தபோது வீட்டில் கம்பெனி அதிகாரிகள் இருந்தார்கள். அவள் 'சித்தப்பா' என்று கூப்பிட்டுவிடுவாளோ என்ற பயத்தில்தான் கதவைத் திறக்கவில்லை. அது தப்புதான்.

கம்பெனி மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டிருக்கிறது. அது முடியும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. இப்போது நான் ஒன்று சொன்னால் அது உனக்கும் உதவாது, எனக்கும் உதவாது. அதிகாரிகளின் உறவினருக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. அது தெரிந்துதான் வேறொருத்தர் பெயரில் உன் ஆட்களைக் கூட்டி வந்தேன். நாம் அண்ணன் தம்பி என்று தெரிந்த நிமிஷம் என் வேலை போய்விடும். அப்புறம் உனக்கு வக்கீல் வைக்கக்கூட ஆள் இருக்காது.

நான் பிரிக்கச் சொன்னேன் என்கிறாய். நான் அவசரத்தைச் சொன்னேன், உண்மை. ஆனால் 'எல்லாவற்றையும்' என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒன்று விட்டு ஒன்று எடுப்பாய் என்று நினைத்தேன். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று என்னைவிட உனக்குத்தானே தெரியும்.

அண்ணா, நான் இந்த நாற்காலிக்கு எப்படி வந்தேன் என்று நீ யோசித்ததே இல்லை. சைட் சூப்பர்வைசராக ஆறு வருஷம். அப்புறம் திட்டப் பிரிவில் எட்டு வருஷம், ராத்திரி பகலாகக் கோடு போட்டேன்: எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கும், எந்தத் தேதியில் முடியும் என்று. கம்பெனியில் இருந்த மேனேஜர்கள் எல்லாரும் பி.இ. படித்தவர்கள். நான் ஒருத்தன்தான் டிப்ளமோ. கூட்டத்தில் ஏதாவது சந்தேகம் வந்தால், "நம்ம மேஸ்திரியைக் கேளுங்கப்பா" என்று என்னைக் காட்டிச் சிரிப்பார்கள். அவர்களுக்கு என் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, சும்மா கிண்டல்தான். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்காது.

இதுதான் என் பொறுப்பில் தந்த முதல் கட்டிடம். என் அறைச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் இருபத்து மூன்று நாள் பின்தங்கியிருந்தோம். திங்கட்கிழமை தோறும் தலைமை அலுவலகத்தில் இருந்து போன் வரும். "முடியுமா, வேற ஆளைப் போடவா?" இந்த ஒரே கேள்வி. அன்றைக்கும் திங்கட்கிழமை. போனை வைத்துவிட்டுத்தான் உன்னிடம் வந்தேன்.

வக்கீல் ஒரு யோசனை சொல்கிறார். கவனக் குறைவு என்று நீ ஒத்துக்கொண்டால் தண்டனை குறைவாகத்தான் இருக்குமாம். நரசிம்லு குடும்பத்துக்கும் ஸ்வரூபா கல்யாணத்துக்கும் நான் பொறுப்பு. தயவுசெய்து கோபப்படாமல் யோசி.

உபேந்தர்


மாவட்டச் சிறை
8 செப்டம்பர் 1999

உபேந்தருக்கு,

கோபப்படாமல் யோசித்தேன். பத்து நாள் யோசித்தேன். ஒன்று விட்டு ஒன்று எடுப்பேன் என்று நினைத்தாயா? அடேயப்பா! அன்றைக்கு நீ தூணில் கையை வைத்துக்கொண்டு முட்டுகளை எண்ணினாயே, மறந்துவிட்டாயா? "மேல நூத்தி எண்பது வேணும், இங்க நூத்தி எண்பத்தி நாலு இருக்கு, சரியா வரும்" என்றாயே. ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் நூற்றி எண்பது எங்கேயடா வரும்? பொய் சொன்னாலும் கணக்கு உதைக்காமல் சொல். கோடு போட்டுப் பெரிய ஆள் ஆனவன் நீ.

என் மேலும் தப்பு இருக்கிறது. இல்லை என்று சொல்லமாட்டேன். தெரிந்துதான் பிரித்தேன். நரசிம்லு கேட்டான், "மாமா, இது ஈரம் காயலையே, இன்னிக்கேவா?" என்று. "சார் சொல்லிட்டார்டா, வேலையைப் பாரு" என்றேன். அவனைக் கடைசியாக ஏசினது நான்தான். அது என்னைத் தூங்க விடவில்லை. அதை நான் எந்த நீதிபதி முன்னாலும் சொல்வேன். ஆனால் நீ சொன்னதை நீதான் சொல்லணும். உனக்கும் சேர்த்து நான் எப்படிச் சொல்வது?

நரசிம்லு பெண்டாட்டி லச்சம்மா கோர்ட்டுக்கு வந்திருந்தாள். அவளும் நம்ம கூட்டத்தில்தான் ஜல்லி சுமந்தாள், ஸ்லாப் போடும் அன்றைக்கு எல்லாருக்கும் சோள ரொட்டி தட்டிப் போடுவாள், உனக்கும் தனியாக டப்பாவில் கொடுத்தனுப்புவாள். என்னை வேனில் இருந்து இறக்கும்போது பக்கத்தில் வந்து, "உன் கட்டிலோட காலைப் பிரிப்பியாடா இப்படி?" என்று கேட்டுவிட்டு முகத்தில் துப்பினாள். கையில் விலங்கு. துடைக்க முடியவில்லை. அப்படியே நீதிபதி முன்னால் போய் நின்றேன்.

நம்ம ஆட்கள் இருபத்தாறு பேரையும் சைட்டில் இருந்து விரட்டிவிட்டார்களாம். ஹைதராபாத்தில் எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லையாம். "கிஷ்டய்யா கூட்டமா? வேண்டாம்யா" என்கிறார்களாம். பாதிப்பேர் பூனாவுக்குப் போய்விட்டார்கள்.

ஸ்வரூபா கல்யாணத்தை நீ பார்த்துக்கொள்ள வேண்டாம். 'அப்பன் கொலைகாரன் இல்லை' என்று சொல்லிக் கட்டிக் கொடுக்கிற நிலைமை வந்தால் நானே கட்டிக் கொடுப்பேன். கவனக் குறைவு என்று ஒத்துக்கொள்ளச் சொன்னாயே, அதற்கு இதுதான் பதில். ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நீ சோறு இறங்காத கதை எழுதியிருந்தாய். படித்தேன். அதை முன்னாலேயே என்னிடம் சொல்லியிருக்கலாம். நாலு பேர் சிரிக்கிறார்கள் என்பதற்காக நம்ம ஊர்ப்பக்கமே வராமல் இருந்தாய் என்று நான் என்ன கண்டேன்?

கிஷ்டய்யா


விசாகப்பட்டினம்
17 அக்டோபர் 1999

அண்ணாவுக்கு,

முகவரியைப் பார்த்திருப்பாய். என்னை இங்கே மாற்றிவிட்டார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பதினான்கு மாடிக் கட்டிடம். நான்தான் திட்டத் தலைவர். இது பதவி உயர்வா, தண்டனையா என்று கேட்டால் காகிதத்தில் பதவி உயர்வு என்றுதான் இருக்கிறது. வாழ்த்துச் சொல்லி இனிப்புக் கொடுத்தார்கள். வாங்கி மேசையில் வைத்துவிட்டேன்.

விசாரணைக் குழு போன மாதம் முடிந்துவிட்டது. இதை நீ வேறு யார் வாயிலாகவும் கேட்பதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். நீளமான மேசை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், தண்ணீர் வைத்திருந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"முட்டுப் பிரிக்க எழுத்துமூலம் உத்தரவு கொடுத்தீர்களா?" என்றார்கள். இல்லை என்றேன். அது உண்மைதானே. "வாய்மொழியாக?" என்றார்கள். அதற்கும் இல்லை என்று சொல்லிவிட்டேன் அண்ணா.

அப்புறம் ஒருத்தர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் அப்பா பேர் ஒண்ணா இருக்கே? சொந்தமா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். "எங்க ஜில்லாவுல நிறையப் பேருக்கு அந்தப் பேர் உண்டு சார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

இதை எழுதாமல் இருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. உனக்கு நல்ல வக்கீலாகப் பார்த்திருக்கிறேன், அவர் உன்னை வந்து பார்ப்பார். இனி அலுவலக முகவரிக்கு எழுதாதே. இந்தக் கடிதத்தின் பின்பக்கம் வீட்டு முகவரி இருக்கிறது.

உபேந்தர்


மாவட்டச் சிறை
2 நவம்பர் 1999

உன் கடிதம் கிடைத்தது. நீ அனுப்பிய வக்கீலும் வந்தார். எனக்கு ஏற்கெனவே அரசாங்க வக்கீல் ஒருத்தர் இருக்கிறார் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நம்ம அப்பா பேரில் ஜில்லாவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் மண் சுமந்து சுமந்து நாற்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் பிணத்துக்கு முன்னால் நெருப்புச் சட்டி தூக்கிக்கொண்டு நான் போனேன். நீ என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாய்.

இனி எழுதாதே.

கிஷ்டய்யா


விசாகப்பட்டினம்
21 ஜனவரி 2000

அண்ணாவுக்கு,

எழுதாதே என்றாய். இரண்டு மாதம் எழுதவில்லை. இதைப் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி, கூட வைத்திருக்கும் இரண்டு தாள்களை மட்டும் கிழித்துவிடாதே.

இங்கே போன வியாழக்கிழமை இரண்டாம் தளத்தில் முட்டுப் பிரிக்கும் நாள். கெடு முடிந்து மூன்று நாள் கூடுதலாகவே ஆகியிருந்தது. எந்த ஆபத்தும் இல்லை. மேஸ்திரி ஸ்ரீகாகுளத்துக்காரர், அப்பலசாமி என்று பெயர். அறுபது வயது இருக்கும். "பிரிச்சிடுங்க" என்றேன். அவர் நகரவில்லை. மடியில் இருந்து ஒரு நோட்டை எடுத்தார், பேனாவைத் திறந்தார், இரண்டையும் என் முன்னால் நீட்டினார்.

"கெடுதான் முடிஞ்சிடுச்சே, இதுக்கு எதுக்குப் பெரியவரே சீட்டு?" என்றேன்.

"மத்தவங்ககிட்டன்னா கேட்க மாட்டேன் சார். உங்ககிட்ட எதுக்கும் வாங்கிக்கச் சொன்னாங்க" என்றார்.

"யாரு?"

"எல்லாரும்தான் சார்."

அவர் குரலில் திமிர் இல்லை, பயம்கூட இல்லை. மழை வரும் போலிருக்கிறது, குடை எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோலச் சொன்னார். பின்னால் அவருடைய ஆட்கள் முப்பது பேர் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாசித்துப் பார்த்து, தேதி போடவில்லை என்று திரும்பவும் நீட்டினார். தேதியும் போட்டேன்.

அதற்கப்புறம் தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்குக்கூட என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். சாரம் கட்டுகிறவன், கம்பி வளைக்கிறவன், கல் உடைக்கிறவன் எல்லாரும் நோட்டு வைத்திருக்கிறார்கள். என் வாயில் இருந்து வருகிற சொல்லை இந்தத் தொழிலில் ஒருத்தரும் நம்புவதில்லை. வெளியே திட்டத் தலைவர் என்று பலகை மாட்டியிருக்கிறது. இதற்காகவா இத்தனை வருஷம் கஷ்டப்பட்டேன் என்று அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இரண்டு தாள்களில் எல்லாம் எழுதியிருக்கிறேன். அன்று காலை வந்த போன், நான் எண்ணின முட்டுகள், நான் சொன்ன வார்த்தை, நீ மறுத்தது, நான் வற்புறுத்தியது, விசாரணையில் நான் சொன்ன பொய்கள் இரண்டும். நோட்டரி முன்னால் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நானே நேராகப் போலீசிடம் கொடுத்திருக்கலாம். ஸ்டேஷன் வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அதனால் உன் கையில் கொடுக்கிறேன். நீ என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம். நீ பெரியவன், உனக்குத் தெரியும்.

உபேந்தர்


மாவட்டச் சிறை
6 பிப்ரவரி 2000

தம்பி,

நீ அனுப்பியதை ஸ்வரூபா கொண்டுவந்து கொடுத்தாள். நாலு நாள் பனியனுக்குள் வைத்திருந்தேன். வியர்வையில் ஓரம் கொஞ்சம் நனைந்துவிட்டது, எழுத்து கலையவில்லை.

நீ பெரியவன், உனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாய். அதற்கு என்ன அர்த்தம் என்று புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. அண்ணன் மனசு கேட்காது, கிழித்துவிடுவான் என்று உனக்குள் எங்கேயோ ஒரு நினைப்பு இருந்திருக்கும். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. இரண்டாம் நாள் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, நமக்கு வயது ஐம்பத்து மூன்று ஆகிவிட்டது, இனி வெளியே போய் என்ன சாதிக்கப் போகிறோம், அவனாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்தேன்.

நாலாம் நாள் கோர்ட். லச்சம்மா வந்திருந்தாள். இந்தத் தடவை துப்பவில்லை, திட்டவும் இல்லை. என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அவளுக்கு நரசிம்லுவைக் கொன்ற முகம் என் முகம் ஒன்றுதான். அதில் பாதி முகம் உன்னுடையது, அதை அவளிடம் மறைக்கிறோமே என்று நினைத்தேன். அங்கேயே வக்கீல் கையில் தாள்களைக் கொடுத்துவிட்டேன்.

வக்கீல் நின்றபடியே படித்தார். "இந்த ஆள் உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"கூடப் பொறந்தவன் சார்."

"யோசிச்சுக்கோய்யா. நான் இதை உள்ள கொடுத்தா அவன் வேலை போகும். அவனும் உள்ள வருவான்."

"யோசிச்சுட்டேன் சார். கொடுங்க" என்றேன்.

அப்போதே கொடுத்துவிட்டார். எனக்கு ஜாமீன் கிடைத்துவிடுமாம். வழக்கு இருக்கும், என் பங்குத் தப்புக்கு நான் பதில் சொல்லத்தான் வேண்டும். சொல்வேன். உனக்கு இந்த வாரமே ஆள் வரலாம் என்கிறார். ஓடிப் போகாதே. ஓடினால் அதற்கும் சேர்த்து உதைப்பார்கள்.

கோபத்தில் கொடுத்தேன் என்று நினைக்காதே. கோபம் இருந்த மாதங்களில் உன் தாள் என்னிடம் இல்லை. இப்போது அழுதுகொண்டேதான் கொடுத்தேன்.

இங்கே வந்தால் மேனேஜர் என்று சொல்லிக்கொள்ளாதே, சும்மா இன்ஜினியர் என்று சொல். இந்த மாதம் விடிகாலையில் குளிர் எலும்பில் இறங்குகிறது, கம்பளி ஒன்று கொண்டு வா. உனக்கு நெஞ்சுச் சளி இருப்பதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடு. எங்கள் பிளாக்கில் சாயிலு என்று ஒரு ஆயுள் கைதி இருக்கிறார், நல்ல மனுஷன். என் தம்பி வருவான், ஒரு மூலை இடம் பிடித்துக் கொடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் வெளியே போனதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன்னைப் பார்க்க வருவேன். வாசலில் மனு எழுதிக் கொடுக்கணும். கைதியின் பெயர், பார்க்க வருபவர் பெயர், அதற்குக் கீழே 'என்ன உறவு' என்று ஒரு கட்டம். அதில் அண்ணன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

கிஷ்டய்யா